இருபது பேர் பட்டியலில் இருபத்தோராவது ஆள்



சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கணினியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லுகிறார்களாம், இந்தப் பக்கத்தில் நானும் சொல்லியிருக்கிறேனாம். ஆனால் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகமெங்கும் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றதற்குக் காரணமே ஒரு புதுப்பிப்புத்தானே, அன்றைக்குச் சும்மா இருந்தவன் அல்லவா தப்பித்தான், பிறகு எதற்காகப் பிள்ளையைப் புதுப்பி புதுப்பி என்று விரட்ட வேண்டும் என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணத்தை விட்டுவிட்டு விடையை மட்டும் கரும்பலகையில் எழுதுவது வாத்தியார் வேலைக்கு அழகல்ல. ஆகையால் இம்மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் அன்றைக்கு நடந்தது என்ன என்று பார்ப்போம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நாட்டு நேரப்படி நண்பகல் 12 மணி 9 நிமிடம். கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. இந்த நிறுவனத்தின் தொழில் காவல் காப்பது. கணினிக்குள் திருடன் நுழைகிறானா என்று உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு ஜாகாவை அது விற்கிறது. அந்த ஜாகாவுக்குப் புதிய அடையாளக் குறிப்புகளை அவ்வப்போது அனுப்பும். அன்று போன குறிப்பைப் படித்த மாத்திரத்தில் ஜாகா தடுக்கி விழுந்தான். விழுந்தவன் வாசற்படியிலேயே விழுந்ததால் வீட்டுக்காரரும் உள்ளே போக முடியவில்லை.

தவறு தெரிந்து, 78 நிமிடத்தில் நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன. படுத்த கணினியை எங்கிருந்தோ எழுப்பவும் வழியில்லை. ஆள் போய், ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று. கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்தார்கள். ஈப்போவிலிருந்து தலைநகருக்கு நாம் ஏறிப் போகிற இரயிலை நடத்தும் கே.டி.எம். நிறுவனத்தின் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது. அரசாங்க நிறுவனங்கள் ஐந்தும், விமானம், வங்கி, மருத்துவம் முதலிய துறைகளில் ஒன்பது நிறுவனங்களும் பாதிப்படைந்ததாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ பின்னர் அறிவித்தார். இந்தியாவில் இண்டிகோ நிறுவனம் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டுப் படத்தைப் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன தெரியுமா? 20-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம்!

காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் அந்தக் களத்தில் நின்றவர்கள், நிற்காதவர்கள் தாய் தகப்பன் சொல்லிக் கேட்டவர்கள். தண்டல் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் 20 பேர். ஆனால் கிராணி எழுதிக் கொடுத்த உத்தரவில், "21-ஆவது ஆளை மூன்றாம் நிரைக்கு அனுப்பு" என்று இருக்கிறது. தண்டல் மனிதர். பட்டியலைப் பார்ப்பார், தலையைச் சொறிவார், "ஐயா, 21-ஆவது ஆளே இல்லையே" என்பார். கணினி அப்படிக் கேட்காது. 20 வரிக்கு அடியில் என்ன கிறுக்கியிருக்கிறதோ, அதையே 21-ஆவது ஆளின் பெயர் என்று நம்பிப் படிக்கும். அது பழைய கடன் கணக்காக இருக்கலாம், வெறும் கறையாகவும் இருக்கலாம். அன்று நடந்தது இதேதான். அந்தக் காவல் நிரலில் 21 விவரங்கள் வரும் என்று ஓரிடத்தில் எழுதிவைத்திருந்தார்கள். விவரங்களை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் 20 மட்டுமே கொடுக்கப்பட்டது. இந்தப் பொருத்தமின்மை பிப்ரவரி மாதத்திலிருந்தே உள்ளே கிடந்தது. 21-ஆவதை அதுவரை யாரும் கூப்பிடவில்லை, ஆகவே ஒன்றும் தெரியவில்லை. ஜூலை 19-இல் கூப்பிட்டார்கள்.

சரி, ஒரு நிரல் தவறினால் அந்த நிரல் மட்டும்தானே நிற்க வேண்டும்? கணினி முழுவதும் ஏன் நிற்க வேண்டும்? இங்குதான் 'டிரைவர்' என்ற சொல் வருகிறது. லாரி ஓட்டுபவர் அல்ல. கணினிக்குள் ஒவ்வொரு கருவியையும் நடத்துவதற்கென்று ஒரு சிறிய நிரல் உண்டு. அச்சு இயந்திரத்துக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று. அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். நாம் எழுதும், படம் பார்க்கும் நிரல்கள் எல்லாம் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவை என்றால், டிரைவர்கள் பெரும்பாலும் துரையின் ஆபீசுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவை. அவற்றிடம் எல்லா அறைக்கும் சாவி உண்டு. லயத்தில் ஒருவர் கால் இடறினால் ஒரு வீட்டோடு போயிற்று. ஆபீசுக்குள் சாவிக்கொத்து வைத்திருப்பவர் தவறு செய்தால், மேற்கொண்டு கெடாமல் இருக்கட்டும் என்று கணினி தானாகவே எல்லாக் கதவையும் மூடிவிடும். அந்த மூடுதல்தான் நீலத்திரை. பார்க்கப் பயமாக இருந்தாலும் அது ஒரு தற்காப்பு.

இந்த டிரைவர்களிலே மிகவும் ஆபத்தான இடத்தில் இருப்பவர் வலையமைப்பு டிரைவர்தான். அந்தக் காலத்தில் தபால் பையை வாங்கிவர ஆபீஸ் பையன் பட்டணத்துக்குச் சைக்கிளில் போவார் அல்லவா, அவரைப் போல. வெளியுலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் முதலில் தொடுபவர் அவர். அச்சு இயந்திரத்தின் டிரைவருக்கு அந்நியர் யாரும் நேரே கடிதம் போட முடியாது. இவருக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் போடலாம். இவரிடம் சாவிக்கொத்தும் இருக்கிறது. கடிதத்தில் எண்ணிக்கையை ஏமாற்றி எழுதி, இவரைத் தடுக்கி விழவைக்க முடியுமானால்? வெறுமனே விழவைப்பதோடு விடாமல், விழும்போது சாவி நம் கையில் விழும்படி செய்ய முடியுமானால்?

செய்திருக்கிறார்கள். அதற்கு நான் ஒரு கணக்குப் பாடம் நடத்தியே ஆகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை நோட்டில் 105 என்று எழுதியிருக்கிறது. தப்பு, 98 என்று திருத்து என்கிறோம். பிள்ளை அழிப்பானை எடுத்துக் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் அழித்துவிட்டு அங்கே 98 என்று எழுதுகிறது. முன்னால் இருந்த 1 அப்படியே நிற்கிறது. இப்போது நோட்டில் இருப்பது 198. குறைக்கப் போன எண் கூடிவிட்டது. இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்கு நோட்டுத் திருத்துகிறேன். இந்தத் தப்பைச் செய்யாத வகுப்பு ஒன்று இருந்ததில்லை.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகளில், ஒரு கணினியின் கோப்புகளை இன்னொரு கணினி பார்ப்பதற்கு உதவும் ஒரு டிரைவர் இருந்தது. 1980-களில் பிறந்த பழைய முறையைப் பேசுவது. ஓ.எஸ்.2 என்று ஒரு காலத்தில் இருந்த கணினி அமைப்பின் பட்டியல்களை விண்டோஸ் முறைக்கு மாற்றி எழுதும் பகுதி ஒன்று அதற்குள் இருந்தது. பட்டியலின் கடைசியில் கோளாறான வரிகள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டு மொத்த அளவைக் குறைத்து எழுத வேண்டும். அப்படிக் குறைக்கும்போது அந்த டிரைவர் அந்தப் பிள்ளை செய்ததையே செய்தது. எண்ணின் பின்பாதியை மட்டும் மாற்றி, முன்பாதியை அப்படியே விட்டுவிட்டது. இடம் ஒதுக்கியது 98 வரிக்கு. எழுத ஆரம்பித்ததோ 198 வரி.

மிச்சம் 100 வரி எங்கே போகும்? செக்ரோல் புத்தகத்தைப் பாருங்கள். ஒரு கங்காணியின் பக்கம் முடிந்தால் அடுத்த கங்காணியின் பக்கம். இவர் கணக்கு தாண்டிப் போனால் அடுத்தவர் ஆட்களின் பெயர் மேல், சம்பளத்தின் மேல், கையெழுத்தின் மேல் போய் விழும். கணினியின் நினைவகமும் அப்படித்தான், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கிடக்கிறது. தற்செயலாக வழிந்தால் கணினி நின்றுபோகும். வேண்டுமென்றே வழியவிடுகிறவன் அடுத்த பக்கத்தில் எது விழ வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து அனுப்புகிறான். "இந்தக் கடிதம் கொண்டுவருபவனிடம் எல்லாச் சாவியையும் கொடு" என்ற உத்தரவு, துரை கையெழுத்தோடு விழுகிறது. நினைவகப் பிழை என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த ஓட்டையை அமெரிக்க உளவு அமைப்பு ஒன்று கண்டுபிடித்து, மைக்ரோசாப்டுக்குச் சொல்லாமல் தன் சொந்த வேலைக்கு வைத்திருந்தது. பின்னர் அந்த இரகசியம் களவு போயிற்று. 2017 மார்ச் 14-இல் மைக்ரோசாப்ட் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை வெளியிட்டது. ஏப்ரல் 14-இல் திருடர்கள் அந்த இரகசியத்தை ஊரறியப் போட்டு உடைத்தார்கள். மே 12-இல் 'வானாகிரை' வந்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. யாரும் எதையும் தொடவேண்டியதில்லை, எந்தக் கடிதத்தையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் நுழைந்தால் அதிலிருந்து அக்கம்பக்கத்துக் கணினிகளுக்கெல்லாம் தானே கடிதம் போட்டுப் பரவியது. நுழைந்த இடத்தில் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கொடு என்றது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 நோயாளிகளின் முன்பதிவு ரத்தாகியிருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் கார்த் தொழிற்சாலையும் தப்பவில்லை, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் தப்பவில்லை. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கிலேய இளைஞர் அந்தக் கிருமிக்குள் இருந்த ஒரு நிறுத்து விசையைக் கண்டுபிடித்ததால் அன்று உலகம் கொஞ்சம் மூச்சுவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது தேதிகளைத்தான். மருந்து வந்தது மார்ச் 14. நோய் வந்தது மே 12. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் புதுப்பித்துக்கொண்டவர்களின் கணினியில் இந்த வழியாக வானாகிரையால் நுழைய முடியவில்லை.

வாசகி கேட்டதற்கு இப்போது வருகிறேன். 2024 ஜூலையில் நின்றுபோனவை விண்டோஸ் புதுப்பிப்பால் நிற்கவில்லை. கிரவுட்ஸ்டிரைக் ஜாகாவைக் காசு கொடுத்து வைத்திருந்த பெரிய நிறுவனங்களின் கணினிகளே நின்றன. உலகத்து விண்டோஸ் கணினிகளில் அவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று மைக்ரோசாப்ட் சொன்னது. உங்கள் வீட்டு மடிக்கணினியில் அந்த ஜாகா இருக்க மாட்டான். ஆகையால் சும்மா இருந்ததால் தப்பித்தோம் என்று நினைப்பது, குடை பிடிக்காததால்தான் நனையவில்லை என்று வெயில் நாளில் சொல்வதைப் போன்றது.

அதற்காகக் கம்பெனிக்காரர்களை நான் விட்டுவிடவில்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற பால் மர ரகங்களை நம் தோட்டங்களில் நடுவதற்கு முன் ஆராய்ச்சிக் கழகத்தார் சோதனை நிலத்தில் நட்டு, வளர்த்து, வெட்டி, பால் எடை பார்த்து எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள்! இந்தக் கம்பெனியோ ஒரே நேரத்தில் உலகம் முழுவதற்கும் அனுப்பிவிட்டது. முதலில் ஒரு காட்டில் போட்டுப் பார்த்திருந்தால் அந்தக் காட்டோடு போயிருக்கும். பின்னர் அவர்களே, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்புவோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

"இந்தத் தவறுகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?" என்று உயர்நிலைப் பள்ளிக்குப் போன என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். இந்த டிரைவர்களில் பெரும்பாலானவை 'சி' என்ற கணினி மொழியிலும் அதன் வழிவந்த மொழியிலும் எழுதப்பட்டவை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது அது. அன்றைய கணினிகள் சிறியவை, மெதுவானவை. ஒவ்வொரு வரியிலும் இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க நேரமில்லை. எழுதுகிறவர் கெட்டிக்காரர், அவரே எண்ணிக்கொள்வார் என்று மொழி நம்பியது. எழுதுகிறவர் கெட்டிக்காரராகவே இருந்தாலும் மனிதர்தானே. தான் திருத்தும் ஓட்டைகளில் ஆண்டுதோறும் நூற்றுக்குச் சுமார் 70 இந்த நினைவகப் பிழையால் வந்தவை என்று மைக்ரோசாப்ட் 2019-இல் சொல்லிற்று.

இப்போது எண்ணிப் பார்க்காமல் எழுதவே விடாத மொழிகள் இருக்கின்றன. அவற்றில் டிரைவர் எழுதத் தோதான ஒன்றின் பெயர் 'ரஸ்ட்'. துரு என்று பொருள். ஆனால் இரும்புத் துரு அல்ல, செடிகளில் வரும் துருப் பூஞ்சணத்தின் பெயரைத்தான் அதை உருவாக்கியவர் வைத்தாராம். தோட்டத்துக்காரர்களான நமக்கு அந்தப் பெயர் நல்ல சகுனமாகப் படாது. இலங்கையில் 1869-இல் காப்பி இலையில் தென்பட்டு, பின் அந்த நாட்டுக் காப்பித் தொழிலையே சாய்த்தது அந்த வகைப் பூஞ்சணம்தான். பெயர் கிடக்கட்டும், வேலை நல்ல வேலை. 21-ஆவது ஆளைக் கூப்பிட்டால் ரஸ்ட் மொழி, பட்டியலில் 20 பேர்தான் என்று அங்கேயே நிறுத்திவிடும். லினக்ஸ் என்ற இலவசக் கணினி அமைப்பு 2022 டிசம்பரில் இந்த மொழிக்கு இடம் கொடுத்தது. 2024-இல் அதில் எழுதிய ஒரு சிறிய வலையமைப்பு டிரைவரையும் சேர்த்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 2019-இல் நூற்றுக்கு 76 ஆக இருந்த நினைவகப் பிழைகளின் பங்கு 2024-இல் 24 ஆகக் குறைந்ததாகக் கூகுள் அறிவித்தது. புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியதன் பலன் அது. பழையதை எல்லாம் மாற்றி எழுதப் பல வருடம் பிடிக்கும்.

அதுவரை ஓட்டைகள் வந்துகொண்டேதான் இருக்கும். 2024 ஜூன் மாதத்தில் விண்டோஸின் வை-ஃபை டிரைவரிலேயே ஒன்றை அடைத்தார்கள். அதை அடைக்காத கணினியை வைத்திருப்பவர், அலை எட்டும் தூரத்தில் ஒரு கெட்டவன் உட்கார்ந்திருந்தால் போதும், எதையும் சொடுக்காமலே மாட்டிக்கொள்ளலாம். ஐபோன் விலை உயர்ந்தது, அதற்கு ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கும் ஒரு சேதி. கூகுளில் வேலை செய்யும் இயன் பீர் என்ற ஆராய்ச்சியாளர், தனியொருவராக ஆறு மாதம் உட்கார்ந்து, ஐபோனின் வை-ஃபை டிரைவரில் இருந்த இதேபோன்ற ஒரு வழிதலைக் கொண்டு, தொடாமலே போனுக்குள் நுழைந்து காட்டினார். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் அதை அடைத்துவிட்டது. அடைத்த பிறகு புதுப்பிக்காத போன்களில் அந்தக் கதவு திறந்தேதான் கிடந்தது.

இதில் எனக்கு மனத்தில் உறுத்துவது ஒன்று உண்டு. பணமுள்ள வீட்டில் கைப்பேசி பழசானால் புதிது வரும். பழையது எங்கே போகிறது? நம் வீட்டுக்குத்தான் வருகிறது. பள்ளிக்குக் கணினி நன்கொடை என்று வருவனவற்றில் பாதி, எங்கோ ஓர் அலுவலகத்தில் தேய்ந்து கழித்துவிட்டவை. கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, கொடுக்கும் மனமே பெரிது. ஆனால் வாங்கும்போது, "இதற்கு இன்னும் புதுப்பிப்பு வருகிறதா?" என்று பெற்றோர் சங்கத்தார் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. செம்பனைக்கு மாறிய தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்து, பிள்ளைகளின் படிப்பையும், ஊழியர் சேமநிதியில் உள்ள கொஞ்ச நஞ்சச் சேமிப்பையும், வங்கிக் கணக்கையும் ஒரே ஒரு பழைய கைப்பேசியில் வைத்திருக்கும் குடும்பங்கள் எனக்கு எத்தனையோ தெரியும். கம்பெனி நின்றுபோனால் மறுநாள் எழுந்துகொள்ளும். இவர்கள் கணக்கு ஒருமுறை வழிந்தால் ஒன்பது வருட உழைப்பு போய்விடும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பாருங்கள். ஓரிரு வருடத்துக்கு முந்திய தேதியாக இருந்து, புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால், அந்தப் போனில் பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். வங்கி வேலை வேண்டாம். புதுப்பிப்பு டேட்டாவைத் தின்கிறது என்று அதை நிறுத்திவைத்திருப்பவர்கள், வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வை-ஃபை கிடைக்கும் இரவில் ஓடவிடுங்கள். குடும்பப் படங்களையும் பிள்ளையின் பாடக் கோப்புகளையும் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றிப் பெட்டியில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் வானாகிரை போன்றது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

விண்டோஸ் 10 உள்ள மடிக்கணினிக்கு வழக்கமான புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. வீட்டுக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் உண்டு என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் போட்டால் பல கணினிகள் இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கும். அதை எப்படிப் போடுவது என்பதை அடுத்த இதழில் படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் கணினி எந்த ஆண்டு வாங்கியது, அதில் உள்ள விண்டோஸ் எண் என்ன என்பதை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால், அதற்கேற்ப எழுத வசதியாக இருக்கும்.